செல்லரித்த ஏடும் கிராம்பு மணமும்

மண்ணுலகில் நாம் சேர்த்து வைக்கும் செல்வத்தைப் பூச்சியும் துருவும் அழித்துவிடும் என்று நம் ஆண்டவர் மலைப்பொழிவில் எச்சரித்ததை எத்தனையோ முறை மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பியும் இருக்கிறோம். அவ்வெச்சரிக்கை நம் பங்குக் கோயிலின் சக்கிறீஸ்து அறைக்குள்ளேயே வந்து நம் கண்முன் நிற்கும் என்று ஒரு நாளும் எண்ணியதில்லை.

சென்ற தவக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு நாள் காலைத் திருப்பலி முடிந்ததும், எண்பத்தைந்து வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் பங்குத் தந்தையை அணுகினார். “சாமி, எனக்கு ஞானஸ்நானம் குடுத்த புத்தகத்துல எங்க அம்மைக்க பேரு இருக்கும். கண்ணு மூடுறதுக்கு முன்ன அதை ஒருக்கா வாசிச்சுக் காட்டணும்” என்றார்.

அவர் பிறந்த மூன்றாம் நாளே தாய் இறந்துவிட்டாராம். தந்தையின் வீட்டாரே அவரை வளர்த்தனர். தாயை அவ்வீட்டில் எல்லாரும் ஒரு செல்லப் பெயரால் அழைத்தனரேயன்றித் திருமுழுக்குப் பெயர் இன்னதென்று சொல்ல இன்று எவரும் உயிரோடில்லை. படமில்லை, கல்லறையில் எழுத்துமில்லை. ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் இறந்தோருக்கான திருப்பலிக்கு அம்மூதாட்டி அச்செல்லப் பெயரையே எழுதிக் கொடுத்து வந்திருக்கிறார். தாயின் உண்மைப் பெயரைச் சொல்லி ஒரு முறையேனும் மன்றாட வேண்டும் என்பதே அவருடைய ஆசை. அப்பெயர் எழுதப்பட்டிருக்கக்கூடிய ஏடு உலகிலேயே ஒன்றுதான். அது நம் கோயில் அலமாரியில் இருந்தது.

கோயில்பிள்ளை அலமாரியைத் திறந்தார். அடித்தட்டில் தடித்த தோலட்டையுடன் அப்பதிவேடு கம்பீரமாகவே வீற்றிருந்தது. கையில் எடுத்தபோதுதான் அது வைக்கோலைப் போல் கனமற்றிருப்பதை உணர்ந்தோம். அட்டையைத் திறந்தால் உள்ளே ஏடுகள் இல்லை. ஏடுகளின் வடிவில் ஈரமண் இருந்தது. ஓரங்களில் மட்டும் தேதிகளும், சில ஞானத் தாய்மாரின் பெயர்களும் நாக்கு நீட்டிக்கொண்டிருந்தன. மூதாட்டி பிறந்த ஆண்டின் பக்கங்களில் ஒரு வரிகூட முழுமையாக எஞ்சவில்லை.

அவர் அழவில்லை. “போட்டும் சாமி” என்று சொல்லிவிட்டு வாசற்படியில் அமர்ந்துகொண்டார். நமக்குத்தான் அன்று முழுவதும் உணவு இறங்கவில்லை.

பங்குத் தந்தை சற்று நேரம் சிந்தித்தபின், “அக்காலத்தில் திருமணம் பெரும்பாலும் பெண்ணின் பங்கிலேயே நடக்கும். தாயார் பிறந்த ஊர் எது?” என்று கேட்டார். மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றை மூதாட்டி சொன்னார். அங்கே திருமணப் பதிவேடு பிழைத்திருந்தால் பெயரும் பிழைத்திருக்கும். இவ்வாறுதான் நம் பயணம் உருவாயிற்று.

உள்ளிருந்து உண்ணும் கள்வன்

புறப்படுவதற்கு முன் அலமாரியைப் பார்வையிட ஊரின் மூத்தாசாரியை அழைத்திருந்தோம். அவர் அலமாரியைச் சுவரினின்று ஒரு சாண் இழுத்தார். சுவரும் மரமும் ஒட்டியிருந்த இடத்தில் தரையிலிருந்து ஒரு பென்சில் பருமனுள்ள மண்குழாய் மேலே ஏறிச் சென்றது. விரல் நுனியால் அதை உடைத்தார். உள்ளே வெண்ணிறப் பூச்சிகள் ஓடின. “சிதல் வந்த வழி இதுதான், மக்களே” என்றார்.

கறையானைக் குமரி மாவட்டத்தார் சிதல் என்பர். சிதலை என்ற பெயர் நம் பழைய நூல்களிலும் உண்டு. செல் என்றும் அதற்கொரு பெயர் உண்டு. செல்லரித்த ஏடு என்னும் வழக்கு அதிலிருந்து வந்ததே. எறும்பைப் போல் கூட்டமாய் வாழ்ந்தாலும் கறையான் எறும்பினம் அன்று. அது கரப்பான்பூச்சிக்கு நெருங்கிய உறவு என்பது உயிரியலார் துணிபு. உழைக்கும் கறையானுக்குக் கண் தெரியாது. மேல்தோல் மிக மெல்லியது. வெயிலும் வறண்ட காற்றும் பட்டால் உலர்ந்து மடிந்துவிடும். ஆகையால்தான் அது வெளியே நடமாடாமல், மண்ணையும் உமிழ்நீரையும் குழைத்துக் குழாய் கட்டிக்கொண்டு, ஈரத்தையும் இருளையும் தன்னோடு சுமந்துகொண்டே வருகிறது. மரம், தாள், துணி ஆகியவற்றிலுள்ள நார்ப்பொருளே அதன் உணவு. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் செரிக்கத் துணை செய்கின்றன. புற்று எழுப்பும் இனங்கள் சில, தின்ற மரத்தூளின்மீது ஒருவகைக் காளானைப் பயிரிட்டு உண்கின்றன. மழைக்குப் பின் புற்றில் முளைக்கும் காளானை நாம் பறித்துச் சமைக்கிறோமே, அது அக்கறையானின் தோட்டத்து விளைச்சலே!

குமரி மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலங்கள். ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் மற்றொன்று. தமிழகத்தின் பிற மாவட்டங்களில் மண் காய்ந்து வெடிக்கும் காலத்திலும் இங்கே ஈரம் குறைவதில்லை. தென்னையும் வாழையும் ரப்பரும் தழைப்பதற்குக் காரணமான அந்த ஈரமே கறையானையும் தழைக்கச் செய்கிறது. விளக்கைச் சுற்றும் ஈசலைக் கண்டு குழந்தைகள் கைகொட்டி மகிழ்கின்றனர். ஒவ்வோர் ஈசலும் புதிய குடியிருப்பைத் தேடிப் புறப்பட்ட கறையான் மணமகனோ மணமகளோதான்.

ஆயினும் அதைப் பழிப்பதற்கில்லை. காட்டில் விழுந்த மரங்களையெல்லாம் மண்ணாக்கி மீண்டும் காட்டுக்கே கொடுப்பது அதன் தொழில். படைத்தவர் தந்த பணியை அது செய்கிறது. நம் அலமாரியையும் விழுந்த மரமென்றே அது எண்ணிவிட்டது. ஆண்டுக்கணக்காக யாரும் தொடாத அலமாரியை அது வேறு என்னவென்று எண்ணும்?

“எண்ணெய் ஏதாவது பூசினால் தீருமா?” என்று மூத்தாசாரியைக் கேட்டோம். அவர் சிரித்தார். “எண்ணெய் நெறய உண்டு. போற வழியில கொட்டாரத்தைப் பாத்துட்டுப் போங்க. அதுக்குப் பொறவு பேசுவோம்” என்றார்.

மரத்தாலான அரண்மனை

கொட்டாரம் என்று அவர் சொன்னது தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையை. திங்கட்கிழமையில் அது மூடியிருக்கும். ஆகவே செவ்வாய் அதிகாலையில் மூதாட்டியையும் அவருடைய பேரனையும் அழைத்துக்கொண்டு வாடகை வேனில் கிளம்பினோம்.

1795-ஆம் ஆண்டு வரை திருவிதாங்கூரின் தலைநகராய் விளங்கிய ஊர் பத்மநாபபுரம். 1956-இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னும் அரண்மனையைக் கேரள அரசின் தொல்லியல் துறையே பேணி வருகிறது. இதன் மிகப் பழைய பகுதியான தாய்க் கொட்டாரம் 1550-ஆம் ஆண்டளவில் எழுந்ததென்பர். அங்கே ஒற்றைப் பலாமரத்தில் இழைத்த தூணொன்று, மலரும் கொடியும் தாங்கி இன்றும் பளபளவென்று நிற்கிறது. முகப்பு மண்டபத்தின் மரக்கூரையிலே தொண்ணூறு மலர்கள், ஒன்றைப்போல் ஒன்றின்றிச் செதுக்கப்பட்டிருக்கின்றன. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக இரு பருவமழைகளின் நடுவே ஒரு மர மாளிகை நின்றுகொண்டிருக்கிறதென்றால், இதன் மறைபொருள் யாது?

தச்சர் கண்ணோடு பார்த்தால் விடை ஒவ்வொன்றாகப் புலப்படுகிறது. முதலாவது, மரம் மண்ணைத் தொடவில்லை. கல் அடித்தளத்தின்மேல் அமர்ந்திருக்கிறது. இரண்டாவது, கூரை தாழ்ந்து சரிந்து அகன்று நிற்பதால் சாரல் சுவரில் படுவதில்லை. மூன்றாவது, சுவருக்குப் பதிலாக எங்கும் மரச்சட்டங்களும் சாளரங்களும் இருப்பதால் காற்று ஓயாது உலவி ஈரத்தை எடுத்துச் செல்கிறது. நான்காவது, தேக்கும் பலாவும் அயனியும் போன்ற வைரம் பாய்ந்த மரங்களையே பணியாளர் தேர்ந்தனர். தேக்கின் வைரத்தில் கறையான் வெறுக்கும் பொருள்கள் இயற்கையாகவே ஊறியுள்ளன என்று இக்கால வேதியியல் சொல்கிறது. இறைவன் மரத்துக்குள்ளேயே ஓர் எண்ணெய்க் காப்பை வைத்து அனுப்பியிருக்கிறார் போலும்!

இவை நான்கையும் குறித்துக்கொண்டோம். ஐந்தாவதைக் காட்டியவர் மூதாட்டிதாம். காலணி கழற்றிவிட்டு அரண்மனைக்குள் மெல்ல நடந்தவர், ஒரு மூலையில் பணிப்பெண் ஒருவர் துடைப்பமும் துணியுமாய்த் தரையோரத்தையும் தூணடியையும் துடைத்து வருவதைக் கண்டு நின்றார். “நம்ம கோயில்ல அலமாரிக்குப் பின்னால இப்படி யாரு தொடைச்சா?” என்று கேட்டார். அவர் குற்றம் சாட்டவில்லை, வியந்தே கேட்டார். நமக்கு மறுமொழி இல்லை.

இவ்வரண்மனையின் பணியில் இருந்தவர்தாம் நட்டாலத்து நீலகண்ட பிள்ளை. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆகி, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் மறைசாட்சியாய் மடிந்தவர். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக உயர்த்தியவர். அவருக்கு நம் மறையை அறிமுகம் செய்த டச்சுத் தளபதி தெ லனாய், 1741 குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின் மார்த்தாண்ட வர்மரின் படைத்தலைவரானவர். அவர் துயிலும் உதயகிரிக் கோட்டை, நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையோரத்தில் புலியூர்க்குறிச்சியிலே உள்ளது.

அங்கும் இறங்கினோம். 1777-இல் இறந்த தெ லனாயின் கல்லறை, கோட்டைக்குள் இருந்த சிற்றாலயத்தில் இலத்தீனும் தமிழும் பொறித்த கல்லோடு இருக்கிறது. ஆலயச் சுவர்கள் நிற்கின்றன, கூரை இல்லை. நெற்றியை நிமிர்த்தினால் வானமும் மரக்கிளைகளுமே தெரிகின்றன. ஒரே வட்டாரம், ஒரே மழை, ஒரே மண். அரண்மனையின் மரம் நிற்கிறது. ஆலயத்தின் மரம் போய்விட்டது. ஒன்றில் நாள்தோறும் மனிதர் நடமாடினர். மற்றொன்றில் வழிபாடு நின்றது, நடமாட்டமும் நின்றது. இவ்வளவே நாம் அங்குக் கண்ட வேறுபாடு.

ஓலைக்குப் பூசிய புல்தைலம்

நாகர்கோவிலைக் கடந்து வடக்கே திரும்பினால் வயல்களும் குளங்களுமாய் நாஞ்சில் நாட்டின் உள்ளம் திறக்கிறது. மலைத்தொடர் வலப்புறமும் எதிரிலும் நீலமாய் எழுகிறது. அவ்வழியில் அழகியபாண்டியபுரம் என்னும் பழம்பதி உண்டு. அவ்வூரின் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாய்க் காக்கப்பட்ட ஓலைச்சுவடிகள் நாஞ்சில் நாட்டு வரலாற்றுக்கே கருவூலம். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அவற்றை ஆராய்ந்தார். நாட்டார் வழக்காற்று அறிஞர் அ. கா. பெருமாள் அவற்றை ‘முதலியார் ஓலைகள்’ என்று நூலாக்கினார். நிலமும் நீரும் வரியும் அடிமைப்பட்ட மனிதரின் விலையும்கூட அவ்வோலைகளில் இருப்பதால், அந்நாளைய எளியவர் வாழ்வை நாம் இன்று அறிகிறோம். ஏடு போனால் எளியவரின் பெயரே முதலில் போகிறது. அரசரின் பெயரைக் கல்வெட்டு காத்துக்கொள்ளும்!

பனையோலையும் கறையானுக்கு நல்ல உணவுதான். நம் முன்னோர் அதை எவ்வாறு காத்தனர்? ஓலையை மஞ்சள் கலந்த நீரில் வேகவைத்து உலர்த்தினர். எழுதியபின் கரி பூசி எழுத்தைத் துலக்கினர். புல்தைலம் தடவி ஓலை ஒடியாமல் மென்மையாக்கினர். அதன் காரமான நறுமணம் பூச்சியையும் விரட்டியது. சுவடிக் கட்டோடு வசம்பையும் நொச்சியிலையையும் முடிந்து வைத்தனர். சிலர் அடுப்புப் புகை படும் பரணில் ஏற்றி வைத்தனர். புல்தைலம் என்பது எலுமிச்சை மணமுள்ள ஒருவகைப் புல்லை நீராவியில் வடித்து எடுப்பது. மேற்கு மலைச்சரிவுகளில் அது தானாகவே வளரும்; பழைய திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளிலிருந்து கப்பலேறி உலகெங்கும் சென்றது. இன்றும் சுவடிக் காப்பகங்களில் ஓலைகளைத் துடைக்கப் புல்தைலத்தையே கையாளுகின்றனர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓலைக்குத் தைலம் நல்லது, தாளுக்கு அன்று. தாளில் எண்ணெய் பட்டால் கறை படிந்து மையும் கலங்கும். எண்ணெயை அலமாரிக்கே பூச வேண்டும், ஏட்டுக்குக் கூடாது.

கிராம்பு காயும் முற்றம்

தடிக்காரன்கோணத்தைத் தாண்டியதும் காற்றில் ஒரு புதிய மணம் கலந்தது. வேனுக்குள் இருந்த அனைவரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தோம். சாலையோரத்து வீடொன்றின் முற்றத்தில் பாய் விரித்துக் கிராம்பு காயப் போட்டிருந்தனர்.

குமரி மாவட்டத்து மலைகளுக்குக் கிராம்பு இயல்பான மரம் அன்று. கிழக்கிந்தியத் தீவுகளில் பிறந்த அம்மரத்தை, 1800-ஆம் ஆண்டளவில் ஆங்கிலக் கும்பினியார் குற்றாலத்து நறுமணத் தோட்டத்தில் நட்டனர். பின்பு அது தெற்கே பரவி மாறாமலை, கரும்பாறை, வெள்ளிமலை முதலிய சரிவுகளில் வேரூன்றியது. இரு பருவமழையும் கடற்காற்றும் அதற்குப் பொருந்திவிட்டன. 2021-இல் ‘கன்னியாகுமரி கிராம்பு’ புவிசார் குறியீடு பெற்றது. இந்தியாவில் ஆண்டுக்கு விளையும் ஏறத்தாழ 1,100 டன் கிராம்பில் 750 டன் குமரி மாவட்டத்துடையது என்று அப்போது கணக்குக் கூறினர்.

நாம் சமையலில் இடும் கிராம்பு உண்மையில் மலராத மொட்டு. பச்சை நிறம் மாறி இளஞ்சிவப்பு ஏறும் வேளையில், விரியுமுன் பறித்துவிட வேண்டும். உயர்ந்த மரங்களில் ஏணி சார்த்திக் கொத்துக் கொத்தாய்ப் பறித்து, காம்பு நீக்கி, நான்கைந்து நாள் வெயிலில் உலர்த்தினால் கரும்பழுப்பாகிறது. அம்மொட்டின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு எண்ணெய். அவ்வெண்ணெயின் பெரும்பகுதி யூஜினால் என்னும் பொருள். பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைக்கும்போது நாக்கு மரத்துப் போகிறதே, அது இப்பொருளின் வேலை. நம் நாக்கை மரக்கச் செய்வது கறையானை மடியச் செய்கிறது.

இது பாட்டி வைத்தியக் கதையன்று. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் கப்பல்வழி வந்து சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஃபார்மோசா நிலக்கறையான் பெருஞ்சேதம் விளைவித்து வருகிறது. அம்மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் எட்டுவகைத் தாவர எண்ணெய்களை அக்கறையான்மீது சோதித்து 2001-இல் முடிவை வெளியிட்டனர். வெட்டிவேர், கிராம்பு, எலுமிச்சம்புல், தைலமரத்தில் இருவகை, தேவதாரு இனத்து மரம், ஜெரேனியம், லவங்கப்பட்டை இனத்து இலை ஆகியவை அந்த எட்டு. கொல்லும் ஆற்றலில் முதலிடம் கிராம்புக்குக் கிடைத்தது: ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஐம்பது மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்காக்கி அதில் ஐம்பது பங்கு மட்டும் இருந்தபோதே, இரண்டு நாளில் கறையான்கள் அனைத்தும் மடிந்தன. நீண்ட காலம் விரட்டி நிறுத்தும் ஆற்றலில் வெட்டிவேர் எண்ணெய் முந்தியது. ஏனெனில் அது மெல்ல ஆவியாகும் கனத்த எண்ணெய். நம் பாட்டிமார் கலியாணச் சேலைப் பெட்டியில் வெட்டிவேரை வைத்தது வெறும் மணத்துக்காக மட்டும் அன்று என்று இப்போது விளங்குகிறதன்றோ!

அடிவாரத்துக் கோயில்

நண்பகலில் மூதாட்டியின் தாய் பிறந்த ஊரை அடைந்தோம். சிறிய கோயில், பழைய ஓட்டுக் கூரை. பங்குத் தந்தை பிணியாளர் சந்திப்புக்குச் சென்றிருந்தார். தொலைபேசியில் இசைவு தந்து கோயில்பிள்ளையை அனுப்பி வைத்தார். எழுபது வயது மதிக்கத்தக்க அவர் சக்கிறீஸ்து அறையைத் திறந்ததும் எலுமிச்சை மணம் எதிர்கொண்டது.

அலமாரி நான்கு கருங்கற்களின்மேல், சுவரினின்று ஒரு முழம் தள்ளி நின்றது. பின்புறம் ஒருவர் நுழைந்து பார்க்கலாம். தட்டுகளில் சிறு துணி முடிச்சுகள். ஒன்றில் கிராம்பு, ஒன்றில் வெட்டிவேர். ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலைச் செபமாலைக்கு முன் ஏடுகளை எடுத்து வெளியே வைத்து, புல்தைலம் தொட்ட துணியால் தட்டுகளைத் துடைத்து, உலர்ந்தபின் அடுக்குவாராம். அவருடைய தந்தையும் இக்கோயிலில் பணி செய்தவர்; அவரிடம் கற்ற பழக்கம்.

“இந்தத் தைலம்தானா சிதலை அண்டவிடாமல் காக்கிறது?” என்று கேட்டோம்.

“தைலத்துக்க மணம் ஒரு வாரம்கூட நிக்காது ஐயா. அது போறதுக்குள்ள நான் வந்துருவேன். அவ்வளவுதான்” என்றார்.

ஒருமுறை ஐப்பசி மழையில் சுவரோரம் மண்குழாய் ஏறியதுண்டாம். சனிக்கிழமை கண்டார், உடைத்தார், தரையின் விரிசலைச் சுண்ணாம்பும் மணலும் குழைத்து அடைத்தார், கூரைநீர் சுவரோரம் தேங்காதபடி வாய்க்கால் வெட்டினார். அடுத்த சனியன்று குழாய் இல்லை. ஏழு நாளில் கண்ட கள்வனை ஒரு கைப்பிடி மண்ணால் விரட்டினார். பல ஆண்டுகளாய்க் காணாத கள்வனை நம்மால் எந்த எண்ணெயாலும் விரட்ட முடியவில்லை.

திருமணப் பதிவேட்டை எடுத்து மேசைமீது வைத்தார். பழுத்த தாள், ஆனால் முழுத் தாள். 1930-களின் பக்கங்களை ஒவ்வொன்றாய்ப் புரட்டினோம். மூதாட்டியின் தந்தையின் பெயரும் ஊரும் கண்ணில் பட்டன. அருகே, அன்றைய பங்குக் குருவின் சாய்ந்த கையெழுத்தில், மணமகளின் பெயர்.

அப்பெயரை ஈண்டு அச்சிட நாம் விரும்பவில்லை. அது அம்மூதாட்டிக்கே உரியது. உரக்க வாசித்தோம். “இன்னும் ஒருக்கா” என்றார். வாசித்தோம். அவர் விரலால் அவ்வெழுத்துகளைத் தடவினார். பின் அதே பெயரைத் தம் வாயால் மூன்று முறை சொல்லிச் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டார். கோயில்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு சாளரத்தைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றுமில்லை.

ஊர் திரும்பியபின்

மூத்தாசாரியிடம் எல்லாவற்றையும் கூறினோம். “இதைத்தான் நான் சொல்ல வந்தேன்” என்றார் அவர். அவர் கற்றுத்தந்ததையும் வழியில் கண்டதையும் சேர்த்து, பங்குக் குடும்பங்களின் பயனுக்காகச் சொல்கிறோம்.

நறுமண எண்ணெய்கள் தொட்ட கறையானைக் கொல்லும், தொடாததை விரட்டும். விரட்டப்பட்டது வேறு வழி தேடும். மண்ணுக்குள் இருக்கும் குடியிருப்பையும் அரசியையும் அவை எட்டுவதில்லை. ஆய்வுக்கூடத்துத் தட்டு வேறு. மழையில் நனையும் நம் மண்சுவர் வேறு. ஆகவே முதலில் ஈரத்தை நீக்குக. மரத்தை மண்ணினின்றும் சுவரினின்றும் பிரித்து நிறுத்துக. அதன் பின்னரே எண்ணெய். உத்திரத்திலும் கழிக்கோலிலும் கறையான் ஏறிவிட்ட வீடுகளில் தைலத்தை நம்பிக் காலம் கடத்தாமல், தேர்ந்த பணியாளரை அழைப்பதே அறிவுடைமை.

உத்திரம் போன்ற புறமரங்களுக்கு நம் தச்சர் நெடுங்காலமாய்ப் பூசுவது முந்திரிக்கொட்டைத் தோட்டின் கறுப்பு எண்ணெய். அதற்கு நறுமணம் இல்லை. ஆனால் எளிதில் ஆவியாவதில்லை. குமரி மாவட்டத்து அண்டி ஆபீசுகளில் உழைக்கும் நம் சகோதரிகளின் கைகளைக் கேட்டால் அதன் காரம் தெரியும், தோலைப் புண்ணாக்கிவிடும். கையுறையின்றி அதைத் தொடலாகாது. கிராம்பெண்ணெயும் தூயதாய்ப் பட்டால் தோலை எரிக்கும். குழந்தைகளுக்கு எட்டாமலும் விளக்குச் சுடருக்கு அருகில் இல்லாமலும் வைக்க வேண்டும். இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்று பொருளில்லை.

ஆயினும் ஒரு காலத்தில் வீட்டு அடித்தளங்களில் ஊற்றிய நஞ்சுகளை நினைத்தால் இவை எவ்வளவோ மேல். ஆல்ட்ரின், டீல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் முதலியவை பல ஆண்டுகள் மண்ணில் மடியாமல் நின்று, கிணற்று நீரிலும் தாய்ப்பாலிலும் ஏறின. 2001-இல் ஸ்டாக்ஹோம் நகரில் கையெழுத்தான உலக உடன்படிக்கை அவற்றை ஒழிக்கத் தீர்மானித்தது. மூத்தாசாரியின் தம்பி அத்தகைய மருந்தைத் தெளித்தே வாழ்ந்தவர். அதைப்பற்றிப் பேசும்போது அவர் குரல் தாழ்ந்துவிடுகிறது.

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 535-ஆம் சட்டம், பங்குப் பதிவேடுகளைக் காப்பகத்தில் பேணவும், ஆயரோ அவர் பதிலாளரோ பங்குச் சந்திப்பின்போது அவற்றைப் பார்வையிடவும் பணிக்கிறது. பழைய ஏடுகளையும் கவனமாய்க் காக்கச் சொல்கிறது. சட்டம் இருக்கிறது. சனிக்கிழமையும் வாரந்தோறும் வருகிறது. இடையில் வேண்டுவது ஒரு கை.

நம் கோயிலில் இப்போது அலமாரி கல்லின்மேல், சுவரை விட்டு விலகி நிற்கிறது. எஞ்சிய பதிவேடுகளை இளையோர் பக்கம் பக்கமாய்ப் படமெடுத்து இரண்டு இடங்களில் சேமித்துள்ளனர். சனிக்கிழமைதோறும் அன்பியங்கள் முறைவைத்து ஒரு குடும்பத்தை அனுப்புகின்றன. துணியும் புல்தைலமும் அங்கேயே இருக்கின்றன. குழந்தைகள் அலமாரிக்குப் பின்னே கைவிளக்கைப் பிடித்து மண்குழாய் தேடுவதை விளையாட்டாகவே கொண்டுவிட்டனர்.

முன்மதியுள்ள கன்னியர் ஐவரும் தம் எண்ணெயைப் பிறருக்குப் பகிர்ந்தளிக்க இயலவில்லை என்று நற்செய்தி கூறுகிறது. முன்பெல்லாம் அதைச் சற்றுக் கடுமையான சொல்லென்றே நினைத்ததுண்டு. அடிவாரத்துக் கோயில்பிள்ளையைக் கண்டபின் அதன் பொருள் நமக்கு ஓரளவு விளங்குகிறது. எண்ணெயை அவர் நமக்கு ஒரு புட்டி நிறையவே தந்தார். அவர் விழித்திருந்த சனிக்கிழமைகளைத்தான் தர இயலவில்லை.

சென்ற நவம்பர் 2 அன்று, இறந்தோருக்கான திருப்பலியில், எண்பது ஆண்டுகளுக்கு மேலாக எவரும் சொல்லாத ஒரு பெயர் நம் பீடத்தில் ஒலித்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டி தலையை உயர்த்தினார். தம்மை யாரோ அழைத்தது போல் இருந்தது அவர் முகம்.

அன்பு வாசகரே, உங்கள் பங்கிலும் அத்தகைய பெயர்கள் ஏதோவோர் அலமாரியில் காத்திருக்கின்றன. வரும் சனிக்கிழமை அதைச் சற்றுத் திறந்து பாருங்கள்.